இரு பள்ளிகளின் வாயிலில்: மலாயாத் தமிழ் மாணவரும் மிஷன் பள்ளிகளும்

1912 ஆம் ஆண்டின் இறுதியில், ஈப்போ நகரில் ஆங்கிலம் கற்க விழைந்த ஒரு சிறுவனுக்கு மூன்று பள்ளிகள் வாயில் திறந்திருந்தன. ஒன்று, மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த வில்லியம் ஹோர்லி 1895 இல் தொடங்கிய ஆங்கிலோ-சீனப் பள்ளி. மற்றொன்று, 1909 இல் அரசினர் அமைத்த ஆண்டர்சன் பள்ளி. மூன்றாவது, அவ்வாண்டு டிசம்பரில் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் திறந்த செயின்ட் மைக்கேல் பள்ளி. மூன்றிலும் பயிற்றுமொழி ஆங்கிலமே. மூன்றும் மாணவரை இட்டுச் சென்றது கேம்பிரிட்ஜ் தேர்வுகளை நோக்கியே. தேறியவர்க்குக் காத்திருந்ததும் அரசாங்க அலுவலகம், இரயில்வே, வணிக நிறுவனம் ஆகியவற்றின் எழுத்தர் மேசையே. ஆயினும் இரண்டு பள்ளிகளில் ஜெபம் உண்டு, ஒன்றில் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்களில் எழுந்த அச்சமும் ஆவலும் இந்நாட்டுத் தமிழர் கல்வி வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம் ஆகும். அவ்வத்தியாயத்தை ஆழ்ந்து நோக்குவார்க்கு, விவாதம் பெரும்பாலும் சமயத்தைப் பற்றியே நடந்திருக்க, இழப்பு வேறிடத்தில் நேர்ந்திருப்பது புலனாகும்.

அரசினர் பள்ளி என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அப்பெயருக்குரிய பழம்பெரும் பள்ளிகள் பல, தொடக்கத்தில் அரசாங்கத்தின் படைப்புகளாக இருந்ததில்லை. 1816 இல் தோன்றிய பினாங்கு இலவசப் பள்ளியை நிறுவ முன்னின்றவர் ஹட்சிங்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் குருவேயாவார். அங்கே ‘இலவசம்’ என்னும் சொல் கட்டணமின்மையைக் காட்டிலும், இனமும் சமயமும் பாராமல் எவரும் சேரலாம் என்னும் திறந்த தன்மையையே குறித்தது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1823 இல் அடிக்கல் நாட்டிய கல்விக்கூடம் 1903 இல்தான் அரசினர் பள்ளியாயிற்று. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடமோ 1893 இல் நகரப் பெருமக்களின் நன்கொடையோடு உருப்பெற்றது. அதன் முதல் அறங்காவலருள் லோக் இயூ, யாப் குவான் செங் ஆகிய சீனச் செல்வரோடு தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். இவர் சிங்கப்பூரில் பிறந்து ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்றவர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை 1873 இல் தோற்றுவித்தவர். பத்துமலை முருகன் வழிபாட்டிற்கு வித்திட்டவர். கோயிலுக்குக் கொடுத்த அதே மனிதர் சமயம் சாராப் பள்ளிக்கும் கொடுத்தார். அவர் தலைமுறையினர் கல்வியையும் சமயத்தையும் எவ்வாறு பிரித்து வைத்தனர் என்பதற்கு இது நல்ல சான்று.

மிஷன் பள்ளிகளின் வரலாறு இதனின் வேறானது. 1852 இல் சிங்கப்பூரில் செயின்ட் ஜோசப், பினாங்கில் செயின்ட் சேவியர் என்னும் கத்தோலிக்கப் பள்ளிகள் தோன்றின. 1886 மார்ச் முதல் நாள், பெங்களூரில் பிறந்தவரான வில்லியம் ஓல்டாம் சிங்கப்பூர் அமோய் தெருவில் பதின்மூன்று மாணவரோடு ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் மெதடிஸ்டுப் பள்ளிகள் பினாங்கு, கிள்ளான், ஈப்போ, கோலாலம்பூர் எனப் பரவின. ‘ஆங்கிலோ-சீன’ என்னும் பெயர் தமிழ்ப் பெற்றோரைத் தடுத்ததாகத் தெரியவில்லை. பெயரில் இடமில்லையெனினும் வகுப்பில் இடமிருந்தது. குடியேற்ற அரசாங்கம் இப்பள்ளிகளுக்கு உதவித்தொகை வழங்கியது. வறுமை விரதம் பூண்ட அருட்சகோதரரும் கன்னியாஸ்திரீகளும் தமக்கென ஊதியம் நாடாது பணிபுரிந்தமையால், தானே பள்ளி கட்டி நடத்துவதைவிட மிஷனுக்கு உதவுவது அரசுக்குச் சிக்கனமாக அமைந்தது. பல நகரங்களில் அரசினர் பள்ளிக்கு முன்பே மிஷன் பள்ளி வந்துவிட்டதன் காரணம் இதுவே.

ஆகவே, தேர்வு என்று சொல்வதற்கு முன், எவர்க்குத் தேர்வு இருந்தது என்று கேட்டாக வேண்டும். பெண்களுக்கு அது பெரும்பாலும் இல்லை. கோலாலம்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் எழுந்த பெண்களுக்கான ஆங்கிலப் பள்ளிகள் மூன்று: 1893 இன் புக்கிட் பிந்தாங், 1896 இன் மெதடிஸ்ட், 1899 இன் புக்கிட் நானாஸ் கான்வென்ட். மூன்றும் கிறிஸ்துவப் பள்ளிகளே. மகளை ஆங்கிலம் படிக்கவைக்க விரும்பிய தந்தைக்கு மிஷன் பள்ளியா, அரசினர் பள்ளியா என்னும் வினாவே எழவில்லை. பள்ளியா, வீடா என்பதுதான் வினா. சிங்கப்பூரில் இதற்கும் முந்திய ஒரு செய்தி உண்டு. ஆஸ்திரேலியப் பெண்மணியான சோபியா பிளாக்மோர் 1887 ஆகஸ்டில் ஒன்பது மாணவியரோடு தொடங்கிய பள்ளியின் முதற்பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி. தம் பெண்மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டுமென்று தமிழ் வணிகர் கேட்டுக்கொண்டதன் பயனாக எழுந்தது அது. அதுவே வளர்ந்து மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆயிற்று. இன்று அப்பெயரைக் கேட்பவருள் எத்தனை பேருக்கு அதன் முதல் வகுப்பறையில் தமிழ்ச் சிறுமியர் அமர்ந்திருந்தமை நினைவிலிருக்கும்?

ஆண்பிள்ளைகளுக்கும் தேர்வு எளிதில் கிட்டவில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்களில் நிர்வாகம் பள்ளி அமைத்தாக வேண்டும். அவ்வாறு எழுந்த தமிழ்ப் பள்ளிகளில் கட்டணமில்லை. ஆனால் அங்குச் சில ஆண்டுகள் பயின்று எழுத்தறிவு பெற்ற சிறுவன் நகரத்து ஆங்கிலப் பள்ளியின் மேல்வகுப்பில் நேரே நுழைய இயலாது. ஆங்கிலத்தை அவன் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் அவனுக்கு வயது கடந்துவிடும். மலாய்ப் பள்ளி மாணவர் ஆங்கிலப் பள்ளிக்கு மாறுவதற்கென இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தனிவகுப்புகள் இருந்தன. தமிழ்ப் பள்ளி மாணவனுக்கு அத்தகைய பாலம் போடப்படவில்லை. இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். பதின்மூன்று வயதில் எந்தப் பள்ளியில் கேம்பிரிட்ஜ் வகுப்புக்குச் செல்வது என்று ஆராயும் வாய்ப்பு, ஏழு வயதிலேயே தமிழ்ப் பள்ளியை விட்டுவிட்டவனுக்கே, அல்லது அதன் படியை மிதியாதவனுக்கே வாய்த்தது. மிஷன் பள்ளிகள் பல தம் தொடக்க வகுப்புகளைத் தாமே நடத்தின. விக்டோரியாவுக்குப் பத்து சாலை, பசார் சாலைத் தொடக்கப் பள்ளிகள் மாணவரை அனுப்பின. எவ்வழியாயினும், இளமைப் பருவத்துத் தேர்வு குழந்தைப் பருவத்திலேயே முடிந்த ஒன்றின் மிச்சமாக இருந்தது.

பொருளாதாரமும் இதையே உறுதிப்படுத்தியது. 1920 களின் இறுதியில், போக்குவரத்து எளிதான பகுதிகளில் தோட்டத் தொழிலாளிக்கென வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதந்தோறும் வெள்ளிக் கணக்கில் கட்டணம், சீருடை, நூல்கள், நகருக்குப் போக வரச் செலவு ஆகியவற்றை அக்கூலியில் எதிர்பார்க்க இயலாது. ஆதலின் இரு பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிலையில் இருந்தவர் இரயில்வே எழுத்தர், தோட்டத்துக் கிராணி, மருத்துவமனை உதவியாளர், கடைக்காரர் ஆகியோரின் மக்களே. இவருள் யாழ்ப்பாணத் தமிழர் முன்னணியில் நின்றனர்.

யாழ்ப்பாணத்தாருக்கு இவ்வினா புதிதன்று. பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைபுரிந்த ஆறுமுக நாவலர், 1848 இல் அப்பணியைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி கண்டார். மிஷன் பள்ளி தரும் ஆங்கிலமும் வேண்டும், அதன் சமயம் வேண்டா என்னும் நெருக்கடிக்கு அவர் தந்த விடை, நாமே பள்ளி நடத்துவோம் என்பது. அவ்விடையை மனத்தில் சுமந்தும், மிஷன் பள்ளிச் சான்றிதழைக் கையில் ஏந்தியும் மலாயாவுக்குக் கப்பலேறியவர் பலர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் 1904 இல் அமைந்த விவேகானந்தா ஆசிரமம் அவர்தம் முயற்சியால் எழுந்தது. பின்னாளில் அதன் ஆதரவில் பள்ளிகளும் நடைபெற்றன. ஆயினும் மலாயாவில் நாவலரின் விடை ஒரு நகர்ப்பகுதிக்குப் போதுமானதாக இருந்ததேயன்றி, நாடு தழுவிய இடைநிலைக் கல்வியாக விரியவில்லை. அதற்குரிய செல்வமும் ஆள்வலிமையும் சமுதாயத்தில் திரளவில்லை. திரட்ட முயன்றனரா என்பது வேறு கேள்வி. கோயில் திருப்பணிக்குத் திரண்ட பொருளோடு அதனை ஒப்பிட்டால் விடை இனிக்காது.

மதமாற்றம் பற்றிய அச்சத்தை இங்கு எடைபோடுதல் தகும். அச்சம் அடியோடு ஆதாரமற்றது என்று சொல்லிவிட இயலாது. ஆன்ம ஈடேற்றமே தம் நோக்கம் என்பதை மிஷனரிமார் மறைத்ததில்லை. மலாய்ப் பெற்றோர் பலர் இக்காரணம் பற்றியே இப்பள்ளிகளை விட்டு ஒதுங்கினர். ஆனால் மிஷன் பள்ளிகளில் பயின்றோருள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்துவர் ஆகாமலே வெளியேறினர். காலையில் நெற்றியில் திருநீற்றோடு ஜெபக் கூட்டத்தில் நின்று, மாலையில் கோயிலில் தேவாரம் கேட்ட மாணவர்க்குப் பஞ்சமில்லை. உண்மையில் நேர்ந்த இழப்பு மொழியில் நேர்ந்தது. அதில் இருவகைப் பள்ளிகளுக்கும் வேறுபாடு குறைவு. ஜெபமில்லாத அரசினர் பள்ளியிலும் தமிழ் இல்லை; ஜெபமுள்ள மிஷன் பள்ளியிலும் இல்லை. இன்னொரு முரணையும் நோக்க வேண்டும். தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பத்துச் சிறுவன் ஞாயிறுதோறும் தமிழ்த் திருச்சபையில் தமிழ் விவிலியத்தைக் கேட்டான், தமிழில் பாடினான். சமயத்தைக் காப்பதற்கென அரசினர் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சைவச் சிறுவனுக்கு, வீட்டுப் பேச்சைத் தவிர எழுத்துத் தமிழைக் காண வாரத்தில் ஒரு நாளும் வாய்க்காமற் போனதுண்டு.

பொதுவாழ்வில் புகழ்பெற்ற சிலரின் பள்ளி வரலாறு, இவ்விருவகைப் பள்ளிகளும் ஒரே ஏணியின் படிகளாக இருந்ததைக் காட்டும். 1915 இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த சி. இராஜரத்தினம், செயின்ட் பால் மிஷன் பள்ளியில் பயின்றார். பின் கோலாலம்பூர் விக்டோரியாவுக்கும், அதன்பின் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்விக்கூடத்திற்கும் சென்றார். 1965 இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானபோது அவர் எழுத்தும் சிந்தனையும் முற்றும் ஆங்கிலத்திலேயே இயங்கின. பின்னாளில் அக்குடியரசின் அதிபரான எஸ். ஆர். நாதனும் ஆங்கிலோ-சீனத் தொடக்கப் பள்ளியில் தொடங்கி, அரசினர் விக்டோரியா பள்ளியில் தொடர்ந்தவரே. பேராக்கில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் கோலகங்சார் கிளிஃபோர்டு அரசினர் பள்ளியில் பயின்று, பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கிய டி. ஆர். சீனிவாசகம் அவ்வூர் ஆங்கிலோ-சீனப் பள்ளியின் மாணவர். அரசியலில் எதிரெதிர் அணியில் நின்ற இவ்விருவரையும் பள்ளியின் வகையைக் கொண்டு பிரித்தறிய முயல்பவர் தோற்றுப் போவார். விதிவிலக்குகளும் உண்டு. செல்வந்தரான ஆனந்த கிருஷ்ணன் விவேகானந்தா தமிழ்ப் பள்ளியிலிருந்து விக்டோரியாவுக்குச் சென்றவர். ஆனால் அவர் நகரத்துப் பிள்ளை. தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வழி எட்டாத தொலைவில் இருந்தது.

இப்பேச்சில் தவிர்க்கவொண்ணாத இன்னொரு பெயர் தனிநாயக அடிகளார். கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பயின்று குருவானவர் அவர். தமிழை ஆழ்ந்து கற்றது அதன்பிறகே. தென்தமிழ்நாட்டில் ஆசிரியப் பணியாற்றியபோதும், தொடர்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலுமே அது கைகூடியது. அவரே 1960 களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக வந்து, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அவர்க்குப் பள்ளி தமிழைத் தரவில்லை; அவர் சமயம் தமிழைத் தடுக்கவும் இல்லை. மிஷன் பள்ளி தமிழனைத் தமிழிலிருந்து பிரித்தது என்று பொதுப்படக் குற்றஞ் சாட்டுவோரும், மிஷனரிமாரே தமிழை வாழ்வித்தனர் என்று பொதுப்படப் போற்றுவோரும் இவ்வொரு வாழ்க்கையைக் கண்டு சற்றே தயங்குதல் நலம்.

விடுதலையை ஒட்டி வந்த மாற்றங்களே தமிழ்ப் பள்ளி மாணவனை முதன்முறையாக இவ்விரு வாயில்களின் முன்னே கொண்டு நிறுத்தின. 1956 இன் ரசாக் அறிக்கை தமிழ்ப் பள்ளியை நாட்டுக் கல்வி முறைக்குள் கொணர்ந்தது. தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வருவோர் இடைநிலைப் பள்ளியின் பயிற்றுமொழிக்குப் பழக ஓராண்டுப் புகுமுக வகுப்பு ஏற்பட்டது. 1960 இன் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், 1961 இன் கல்விச் சட்டமும் தொடர்ந்தன. நுழைவுத் தேர்வு 1964 உடன் நீங்க, 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்த யாவர்க்கும் இடைநிலைக் கல்வி திறந்தது. தோட்டத்திலிருந்து லாரியிலும் பேருந்திலும் நகருக்கு வந்த பதின்மூன்று வயது மாணவன், ஒரு புறம் அரசினர் பள்ளியையும் மறு புறம் சிலுவை பொறித்த நுழைவாயிலையும் கண்டான். தந்தைக்கு அவ்வுலகம் தெரியாது. எனவே அறிவுரை கூறும் பொறுப்பு பெரும்பாலும் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியரின் தோளில் விழுந்தது. மிஷன் பள்ளியில் கட்டுப்பாடு மிகுதி, ஆங்கிலம் திருத்தமாக வரும் என்பது ஒரு கட்சி. நம் பிள்ளை நம் சமயத்தில் நிற்கட்டும் என்பது மற்றொரு கட்சி.

அந்த இரண்டாம் கட்சியின் அச்சத்திற்குச் சட்டம் ஏற்கெனவே விடையளித்திருந்தது. 1957 ஆம் ஆண்டின் கூட்டரசு அமைப்புச் சட்டம், தன் பன்னிரண்டாம் பிரிவில், தன் சமயமல்லாத ஒன்றின் போதனையைப் பெறவோ அதன் வழிபாட்டில் பங்குகொள்ளவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் சமயத்தை முடிவு செய்பவர் பெற்றோர் அல்லது காப்பாளரே என்றும் அது வரையறுக்கிறது. ஆக, சமயத்திற்குச் சட்டத்தில் காவல் இருந்தது. தாய்மொழிக்கு அத்துணை உறுதியான காவல் இல்லை. தமிழைப் பாடமாகக் கற்பிக்கப் பதினைந்து மாணவரின் பெற்றோர் கோர வேண்டும். கோரினாலும் அவ்வகுப்பு பல இடங்களில் பள்ளி நேரம் முடிந்த பின்னரோ சனிக்கிழமையிலோ நடந்தது. அல்லது ஆசிரியர் இன்றி நடவாதொழிந்தது. புகுமுக வகுப்பில் ஆங்கிலத்தோடு போராடிக்கொண்டிருந்த மாணவன், மதிய வெயிலில் தமிழுக்காகக் காத்திருக்க வேண்டியவனானான். தோட்டத்துக்குத் திரும்பும் வண்டியோ காத்திராது.

தமிழ்ப் பள்ளி மாணவன் வாயிலை அடைந்த அதே ஆண்டுகளில், அவ்விரு வாயில்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு கரையத் தொடங்கியது. 1961 இன் சட்டத்திற்குப் பின் முழு உதவி பெறலான மிஷன் பள்ளிகள் அரசினர் பள்ளிகளின் பாடத்திட்டத்தையும் பொதுத் தேர்வையுமே பின்பற்றின. 1970 இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்பு மலாய் மொழிக்கு மாறியது; 1976 இல் அம்மாற்றம் இடைநிலை முதலாம் படிவத்தை எட்டியது; 1980 களின் தொடக்கத்தில் ஆறாம் படிவமும் மாறியது. மிஷன் பள்ளியை நாடச் செய்த ஆங்கிலம் இவ்வாறு பயிற்றுமொழி என்னும் நிலையை இழந்தது. அருட்சகோதரரும் கன்னியாஸ்திரீகளும் படிப்படியாகக் குறைந்தனர். பெயர்ப்பலகையில் புனிதரின் பெயரும், மண்டபத்தில் பழைய தலைமையாசிரியர்களின் படங்களும் நிலைத்தன.

சிங்கப்பூரில் வரலாறு வேறு திசையில் சென்றது. அங்கு மிஷன் பள்ளிகள் ஆங்கிலத்தையும், தம் சமயச் சூழலையும் தொடர்ந்து பேணின. ஆனால் 1966 முதல் இடைநிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. தமிழ்வழி இடைநிலைக் கல்விக்கு அங்கிருந்த ஒரே இடமான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, மாணவர் குறைந்து 1982 இல் மூடப்பட்டது. அதன் பெயர் ஒரு தமிழ்மொழி நிலையத்திற்குச் சென்றது. தத்தம் பள்ளிகளில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர், மிஷன் பள்ளியினரும் அரசுப் பள்ளியினரும் ஒருங்கே, அங்கு வந்து தமிழ் பயில்கின்றனர். எந்தப் பள்ளியைத் தேர்ந்தாலும் தமிழ்ப் பாடம் உண்டு என்னும் நிலை, தமிழ்வழிப் பள்ளி மறைந்த இடத்தில் உருவாயிற்று.

மலேசியாவில் இன்று கிறிஸ்துவப் பெயர் தாங்கிய தமிழ்ப் பள்ளிகள் சில உள்ளன. காப்பாரில் மெதடிஸ்ட் தமிழ்ப் பள்ளி, ஈப்போவில் செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப் பள்ளி, தைப்பிங்கில் செயின்ட் திரேசா கான்வென்ட் தமிழ்ப் பள்ளி முதலியன அவற்றுள் அடங்கும். கணிதமும் அறிவியலும் உட்பட ஏனைத் தமிழ்ப் பள்ளிகளின் பாடங்களே அவற்றிலும் நடைபெறுகின்றன. ஆறாம் ஆண்டு முடிந்தபின் அவற்றின் மாணவரும், எல்லாத் தமிழ்ப் பள்ளி மாணவரையும் போலவே, தேசிய இடைநிலைப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். செல்லும் பள்ளி ஒரு புனிதரின் பெயரைக் கொண்டிருக்கலாம், ஓர் ஆளுநரின் பெயரைக் கொண்டிருக்கலாம், வீடமைப்புப் பகுதியொன்றின் பெயரையும் கொண்டிருக்கலாம். அங்கே தமிழ் வகுப்பு நடைபெற, பதினைந்து பெற்றோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் பள்ளி அலுவலகத்தை அடைய வேண்டும்.